இதுதான் மட்டம்

கும்பிட்டுக் கும்பிட்டே தேய்ந்துபோன காரை இந்திராணி தன் பதினெட்டு வருடத் தொழிலில் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தாள்.

குழிக்குள் இறங்கி, டார்ச் அடித்து, அண்ணாந்து பார்த்தாள். நான்கு சக்கரங்களிலும் ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ரப்பர் பலூன்கள். காற்றை ஏற்றினால் வண்டி உயரும், இறக்கினால் தாழும். ஊரில் ஓடும் எல்லாக் காருக்கும் இப்போது இதுதான் சட்டம். ரோட்டிலிருக்கும் ஸ்பீடு பிரேக்கர்களைக் குறைப்பதைவிட ரோட்டிலிருக்கும் கார்களை உயர்த்துவது சுலபம் என்று அரசாங்கம் என்றைக்கோ முடிவு செய்துவிட்டது. அது கிடக்கட்டும். இந்தக் காரில் பின்பக்கத்துப் பலூன்கள் இரண்டும் புதுச்செருப்பு மாதிரிப் பளபளவென்று இருந்தன. முன்பக்கத்தவை இரண்டும் மடிப்பு மடிப்பாக வெடித்து, கிழட்டு யானையின் முழங்காலைப் போல இருந்தன.

"ஏனுங்க்கா, இந்த வண்டிய ஆருகிட்ட வாங்குனீங்க?" என்று குழிக்குள்ளிருந்தே கேட்டாள்.

"நம்ம கந்தவேலுகிட்டத்தான். ஏன் இந்திராணி?"

"அதான பாத்தேன்."

கந்தவேல் என்பவர் சுனைப்பாளையம் பேரூராட்சித் தலைவர் சென்னியப்பனின் வலது கை. இடது கையும் அவர்தான் என்பார்கள். தலைவர் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். ஒன்பது வருடம் அந்தக் காரில் தலைவருக்கு முன்னாலும் பின்னாலும் ஓடிவிட்டு, தை மாதம் புது வண்டி வந்ததும் பழையதை ருக்குமணியம்மாளின் தலையில் கட்டிவிட்டார்.

ருக்குமணியம்மாள் முப்பது வருடம் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சுனைப்பாளையத்தில் அவர் கை படாத மாடு கிடையாது. மூன்று தேர்தலாகப் போட்டியே இல்லாமல் ஜெயித்துக்கொண்டிருந்த சென்னியப்பனை எதிர்த்து, அறுபத்திரண்டு வயதில், யார் சொல்லியும் கேட்காமல் மனுத்தாக்கல் செய்திருந்தார். முட்டும் மாட்டுக்குப் பயந்தால் ஊசி போட முடியுமா என்பது அவர் கட்சி. வேறு கட்சி எதுவும் அவருக்கு இல்லை.

"பஸ் ஸ்டாண்டுல நடந்தது தெரியுமா?" என்று கேட்டார்.

"போன்ல பாத்தனுங்க," என்றாள் இந்திராணி. சிரிப்பு வந்துவிடப் போகிறதே என்று குழியை விட்டு மேலே வரவில்லை.

பார்க்காதவர் யார்? திங்கட்கிழமை காலை, காரின் கூரைத் திறப்பு வழியாக எழுந்து நின்று, இரண்டு பக்கமும் கைகூப்பி ஓட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார் ருக்குமணியம்மாள். எதிரே சென்னியப்பனின் பெரிய கறுப்பு வண்டி வந்தது. அவ்வளவுதான். அம்மாளின் கார் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டு, முன்பக்கத்தை எட்டு விரக்கடை தாழ்த்தி, ஓரமாக ஒதுங்கி நின்றது. மேலே நின்றவர் கூப்பிய கையோடு அப்படியே முன்னால் குனிந்தார். சென்னியப்பன் லேசுப்பட்டவரா? தன் வண்டியின் கூரைக்கு மேலே எழுந்து, வலது கையைத் தூக்கி, 'நல்லா இரு' என்று ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார்.

"டீக்கடையில எம்பட காதுபடவே சொல்றானுக. 'அந்தம்மா தேர்தல்ல நிக்குதாமா, வண்டியே நிக்க மாட்டேங்குது'ன்னு." ருக்குமணியம்மாள் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். "சிரிச்சா சிரிச்சுட்டுப் போறானுக. ஆனா சாயந்தரம் தெற்குத் தெருப் பொண்ணுக நாலு பேரு வந்தாங்க. குழாய்த் தண்ணி வேணும்னு மனு எழுதிக் குடுத்திருந்தாங்கல்ல? 'நீங்களும் அவருக்குக் குனியறவங்கதானுங்களே, எங்க மனுவக் குடுத்துருங்க, எங்களுக்கு வம்பு வேண்டாம்'னு திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க இந்திராணி."

இந்திராணிக்குச் சிரிப்பு போய்விட்டது. மேலே ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வியாழக்கெழம கடைசி நாள் பிரச்சாரம்," என்றார் ருக்குமணியம்மாள். "வாய்க்கால் பாலத்துல ரெண்டு பேரு ஊர்வலமும் எதுத்துக்கும். ஊரே அங்க நிக்கும். அங்கயும் இது மண்டி போட்டுதுன்னா நான் வூட்டுல போயி மாடு மேய்க்க வேண்டியதுதான். இந்தக் கும்பிடறத எப்படியாச்சும் நிறுத்திக் குடு."

"அது வந்த கதை தெரியுமுங்களா?"

"எனக்கெங்க தெரியும், மூடிய தொறந்து பாக்கறது உங்க வேலையாச்சே. சொல்லு."

"ராத்திரில எதுத்தாப்ல வர்ற லைட்டு கண்ணுல அடிக்குதுன்னு ஆரம்பிச்சதுங்க. ரெண்டு வண்டி எதுத்துக்கிட்டா ரெண்டும் அதுகளுக்குள்ளயே பேசிக்கும். ஒண்ணு மூக்கத் தாழ்த்தி ஓரமா நிக்கோணும், இன்னொண்ணு போவோணும். நல்ல ரோசனைதான். ஆனா ஆரு தாழ்த்தறது? அது கம்பெனிக்காரங்களுக்குத் தெரியல. சேரி, வண்டிகளே பாத்துக் கத்துக்கட்டும்னு உட்டுட்டாங்க. ஆரு ஆருக்கு வழி உடறாங்க, ஆரு ரிவர்ஸ் எடுக்கறாங்கன்னு மூணு மாசம் நம்மூருல பாத்துதுங்க."

"அப்பறம்?"

"கத்துக்கிச்சு."

சாதி என்ற சொல்லையோ, சொத்து என்ற சொல்லையோ யாரும் அந்த இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. மூன்றே மாதத்தில் சுனைப்பாளையத்தை அது கரைத்துக் குடித்துவிட்டது. மில் முதலாளியின் காருக்குப் பால் வண்டி தாழ்ந்தது. பால் வண்டிக்குத் தெற்குத் தெருவின் ஒரே ஒரு கார் தாழ்ந்தது. எல்லாமும் சேர்ந்து சென்னியப்பனின் காருக்குத் தாழ்ந்தன. யாரும் யாரையும் குனியச் சொல்லவில்லை, வண்டிதானே குனிகிறது என்பதில் ஊருக்கும் ஒரு நிம்மதி இருந்தது. கதை சொல்லும் எனக்கு அதைச் சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

"கந்தவேலண்ணன் ஒன்பது வருசம் கத்துக் குடுத்தத இது மறக்குமுங்களா?" என்றாள் இந்திராணி. "வண்டி கை மாறுனா ஆர்சி புக்குல பேரு மாறும், கும்பிடு மாறாது. அந்த ஞாபகப் பெட்டிக்கு டிப்பார்ட்மென்ட்டுல சீல் வெச்சிருக்காங்க. தொட்டா எம்பட லைசென்ஸ் போயிரும்."

"வேற வழியே இல்லியா?"

"ஒண்ணு இருக்குது." சக்கரத்தின் உட்பக்கம் கையை விட்டு ஒரு சாண் நீளக் குச்சியைக் காட்டினாள். "வண்டி எத்தன ஒசரத்துல நிக்குதுன்னு வண்டிக்குச் சொல்றது இந்தக் குச்சிதானுங்க. இதக் கொஞ்சம் திருகி நீளத்த மாத்தி உட்டா, நிமுந்து நிக்கறப்பவே 'ஆகா, குனிஞ்சுட்டோம்'னு வண்டி நெனச்சுக்கும்."

"அதாவது மனசுக்குள்ள கும்பிட்டுக்கும், வெளிய நெஞ்ச நிமித்திக்கும்."

"ஆமாங்க்கா."

"ஊருல பாதிப் பேரு அப்படித்தான் திரியறானுக. எனக்கு வேண்டாம் சாமி." எழுந்து நின்று சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நாளைக்கு எவனாச்சும் அடியில எறங்கிப் பாத்து, இந்தம்மா பொய்க்குச்சியில நிமுந்துதுன்னு சொல்லிட்டா, அப்பறம் நான் எதுமேல நிக்கறது? நீ பலூன மட்டும் மாத்திக் குடு. வர்றது வரட்டும்."

பலூன்களை மாற்ற மத்தியானம் வரைக்கும் ஆயிற்று. கம்ப்ரஸரைத் திறந்து ஈரத்தை உறிஞ்சும் மணிகளை மாற்றி, குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தாள். கடைசி வேலை மட்டம் வைப்பது. வருடத்துக்கு ஒருமுறை வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, மேலே போகவும் கீழே வரவும் சரிபாதி இடம் விட்டு, 'இதுதான் உன் இயல்பான நிலை' என்று அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இந்திராணி கொத்தனாரின் ரசமட்டத்தைத் தரையில் நான்கு பக்கமும் வைத்துப் பார்த்தாள். குமிழி நடுவில் நின்றது.

"இப்ப நீங்க உங்க வாயால சொல்லோணுங்க. போன வருசம் வரைக்கும் டிரைவர் சொன்னாப் போதும். இந்த வருசத்துல இருந்து ஓனர் குரல்தான் வேணுமாம்."

"என்ன சொல்லோணும்?"

சொல்லிக் கொடுத்தாள். ருக்குமணியம்மாள் காரின் பானெட்டில் கை வைத்து, மாட்டுக்கு ஊசி போட்டு முடித்ததும் 'அவ்வளவுதான் கண்ணு' என்பாரே, அந்தக் குரலில் சொன்னார்.

"இதுதான் மட்டம்."

"பதிவாகிவிட்டது," என்றது கார்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சென்னியப்பனே வந்தார். ஊரில் காற்றுப் பலூன் வேலை தெரிந்தவள் இந்திராணி ஒருத்திதான். அவருக்கும் வேறு கதி இல்லை. மட்டச் சான்று முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. தேர்தல் நேரத்தில் சோதனைக்காரர்கள் வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டால் ஊர்வலத்துக்கு மாட்டு வண்டிதான். கூடவே கந்தவேல் வந்தார். செல்போனை நீட்டிப் பிடித்தபடி இன்னும் மூன்று பேர் வந்தார்கள். தலைவர் கொட்டாவி விட்டால்கூடப் படம் பிடிப்பவர்கள்.

கறுப்பு வண்டி கல்யாண மண்டபத்தில் பாதி இருந்தது. இந்திராணி அடியில் போய்ப் பார்த்து வந்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"எல்லாம் நல்லாருக்குதுங்க சேர்மன். மட்டம் வெச்சுட்டா முடிஞ்சுது."

"என்ன வெக்கறது?"

"மட்டமுங்க."

கந்தவேல் உச்சுக் கொட்டினார். "தலைவர் வண்டிய மட்டம்ங்கறயா?"

"ஐயோ, இல்லீங்ணா. தலைவர் வண்டி மட்டமா இருந்தாத்தான் நல்லதுங்க."

இது இன்னும் மோசமாகப் போயிற்று. தமிழில் இந்த ஒரு சொல்லை யார் உண்டாக்கினார்களோ தெரியவில்லை. கொத்தனாருக்கு அது சாமி மாதிரி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அது லீவு. ஜவுளிக்கடையில் அது சாயம் போகிற துணி. ஒருத்தனை நாலு பேர் முன்னால் தட்டி வைப்பதற்கும் அதே சொல்தான். இயந்திரத்துக்கு மட்டும் அதில் ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும், பாவம்.

"நான் என்ன சொல்லோணுங்கற?" என்றார் சென்னியப்பன்.

"'இதுதான் மட்டம்'னு உங்க வாயால ஒரு வார்த்தை."

"நடக்கற காரியமா அம்மிணி? நாளைக்கே வெட்டி ஒட்டி உட்டுருவானுக. 'நம்ம சேர்மன் எப்பேர்ப்பட்டவரு?'ன்னு ஒருத்தன் கேப்பான். 'இதுதான் மட்டம்'னு நானே சொல்ற மாதிரி வரும்." அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அவருடைய ஆட்கள் மற்றவர்களுக்குச் செய்து வந்ததே அதுதான்.

அப்போதுதான் கந்தவேலுக்கு ஞானம் பிறந்தது. "தலைவரே, ஒண்ணு பண்ணுங்க. வண்டிய உச்சாணிக்கு ஏத்தி வெச்சுட்டு அப்பறம் சொல்லுங்க. நம்ம மட்டமே மத்தவனுக்கு உச்சின்னு ஆயிரும்ல?"

சென்னியப்பனின் முகம் மலர்ந்தது. மூன்று செல்போன்களும் கைதட்ட முடியாமல் தவித்தன.

"வேண்டாமுங்க," என்றாள் இந்திராணி. "ஒருத்தர் கும்பிட்டா உங்க வண்டி நாலு விரக்கடை நிமுந்து ஏத்துக்கும். உச்சியிலயே மட்டம் வெச்சுட்டா அப்பறம் எங்கீங்க நிமுரும்? நிமுரோணும் நிமுரோணும்னு கம்ப்ரஸர் நிக்காம ஓடும். சூடேறிப் படுத்துக்கும். அது படுத்தா வண்டியும் படுத்துக்கும்."

"நீ ஏத்து அம்மிணி."

"ரெண்டாவது தரமா சொல்றனுங்க. மேலயும் கீழயும் பாதிப் பாதி எடம் வேணும். வண்டிக்கு அதான் ஆரோக்கியம்."

"சட்டத்துல கூடாதுன்னு இருக்குதா?"

"ஒசரம் ஓனர் இஷ்டமுங்க. தரை சமமா இருந்தாப் போதும்னுதான் சட்டம்."

"அப்பறம் என்ன?"

"மூணாவது தரமா சொல்றனுங்க. மேல கொஞ்சம் எடம் உடுங்க."

சென்னியப்பன் செல்போன்களின் பக்கம் திரும்பி, மீசையைத் தடவிக்கொண்டார். "எனக்கு மேல எதுக்கு அம்மிணி எடம்?"

அந்த வாக்கியம் இந்திராணிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பட்டறை நோட்டை எடுத்து நீட்டினாள். "அதையே இதுல எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க. நாளைக்கு என்னையத் திட்டக்கூடாதில்லீங்களா?" அவரும் நீல மையில், பெரிய பெரிய எழுத்தில் எழுதினார்: 'எச்சரித்தார்கள். எனக்கு மேல் இடம் தேவையில்லை. சென்னியப்பன்.'

கறுப்பு வண்டி ஏறியது. கொக்கு கழுத்தை நீட்டின மாதிரி நான்கு காலிலும் உன்னி நின்றது. தலைவர் ஏறி உட்காரப் பிளாஸ்டிக் முக்காலி ஒன்று தேவைப்பட்டது. சொல்ல வேண்டியதைக் கணீரென்று சொன்னார். வண்டியும் பதிவாகிவிட்டது என்றது. அவர்கள் போன பிறகு இந்திராணி நோட்டைப் பத்திரமாக எடுத்து வைத்தாள். உண்மையை மூன்று தரம் சொல்லியாயிற்று. அதற்கு மேல் சந்தோஷப்பட்டால் அது அவள் குற்றமா?

வியாழக்கிழமை நாலு மணிக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டு, வாய்க்கால் பாலத்தை ஒட்டிய டீக்கடைக்குத் தற்செயலாகப் போனாள். தற்செயலாக மூன்று டீ குடித்தாள்.

வாய்க்கால் பாலத்தில் ஒரு நேரத்துக்கு ஒரு வண்டிதான் போகலாம். இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர். தெற்கேயிருந்து சென்னியப்பனின் கறுப்பு வண்டி, அதன் பின்னால் அவர் ஆட்களின் பதினோரு கார்கள். வடக்கேயிருந்து ருக்குமணியம்மாளின் ஒற்றைக் கார், அதன் பின்னால் ஐம்பது பேர் நடந்து வந்தார்கள். பெரும்பாலும் மாடு வைத்திருப்பவர்கள். பாலத்தின் நடுவே இரண்டும் எதிரெதிரே நின்றன. தெற்குத் தெருப் பெண்கள் நான்கு பேரும் வாய்க்கால் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாளின் கார் தாழ்ந்தது. புதுப் பலூன் ஆனதால் சத்தமே இல்லாமல், இன்னும் பாந்தமாகத் தாழ்ந்தது. கூரைக்கு மேலே நின்றிருந்த ருக்குமணியம்மாள் இந்த முறை கையைக் கூப்பாமல் இடுப்பில் வைத்துக்கொண்டார். ஆனாலும் முகம் சுருங்கிப் போயிற்று. கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. சென்னியப்பன் தன் கூரைக்கு மேலே எழுந்து, ஆசீர்வாதக் கையைத் தூக்கினார்.

அவருடைய வண்டி அந்தக் கும்பிடை ஏற்றுக்கொள்ள நிமிர்ந்தது. அதாவது நிமிரப் பார்த்தது. மேலே இடம் இல்லை. கம்ப்ரஸர் 'ங்ங்ங்' என்று முனகத் தொடங்கி, பிறகு வீறிட்டது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். தலைவரின் கை தூக்கியபடியே இருந்தது. அடியிலிருந்து ரப்பர் கருகும் வாசனையும், அதன் பின்னால் ஒரு முழம் புகையும் வந்தன. டக் என்று எல்லாம் நின்றது. உச்சத்தில் கோளாறு வந்தால் வண்டி கவிழ்ந்துவிடாமல் இருக்கக் காற்றை முழுக்கத் திறந்துவிடும் ஏற்பாடு ஒன்று அந்த வண்டிக்கு உண்டு. அது நன்றாகவே வேலை செய்தது.

கறுப்பு வண்டி வயிறு தரையில் பட, சாஷ்டாங்கமாக விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா கூடாதா என்று ஊருக்குத் தெரியவில்லை. அதற்குள் அம்மாளின் கார் யோசித்தது. அது கற்றிருந்தது ஒன்றே ஒன்றுதான், சென்னியப்பனின் வண்டியைவிடக் கீழே இருக்க வேண்டும். அதுவும் புஸ்ஸென்று வயிற்றைத் தரையில் வைத்தது. கறுப்பு வண்டிக்குப் பின்னால் நின்ற முதல் கார், தலைவருக்கு மேலே நாம் நிற்பதா என்று பதறிப்போய்த் தொப்பென்று உட்கார்ந்தது. அடுத்தது தொப். அடுத்தது தொப். பதினோரு காரும் உட்கார்ந்தன. அதற்குப் பின்னால் காய்கறி வேன் உட்கார்ந்தது. அதற்கும் பின்னால் ஜோசியர் ஒருவரின் கார் உட்கார்ந்தது. அப்போதுதான் டீ மாஸ்டர் கையில் டம்ளரோடு ஒரு விசில் அடித்தார், கரை முழுக்கச் சிரித்தது.

படுத்த வண்டி நகராது. பாலத்தின் மேல் இருந்த எல்லாக் கார்களின் கதவுகளும் கைப்பிடிச் சுவரில் இடித்துத் திறக்க மறுத்தன. கறுப்பு வண்டியின் அடியில் புகை கூடிக்கொண்டு வந்தது.

"தலைவரே, உள்ள வந்துருங்க," என்று ஸ்டியரிங்கிலிருந்து கத்தினார் கந்தவேல்.

"உள்ள வந்து வேகறதா? வெளிய போவோணும்டா!" என்றார் தலைவர். நாற்பது வயதில் பார்த்த இடுப்பு இப்போது இல்லை. கூரைத் திறப்பில் பாதிக்கு மேல் வந்து மாட்டிக்கொண்டார். அவர் கண்ணில் இருந்த பயத்தை இந்திராணி டீக்கடையிலிருந்தே பார்த்தாள். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

ருக்குமணியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் கூரையிலிருந்து பானெட்டில் இறங்கி, அங்கிருந்து சென்னியப்பனின் பானெட்டில் ஏறினார். லாரியில் ஏற மறுக்கும் எருமைகளோடு முப்பது வருடம் பழகியவருக்கு இது ஒரு வேலையா? இரண்டு கையையும் நீட்டினார்.

"பயப்படாதீங்க. மூச்ச உடுங்க. வயித்த உள்ள இழுங்க. கைய ரெண்டையும் சேத்துக் குடுங்க. கால இந்தப் பக்கம்... அவ்வளவுதான். அவ்வளவுதான் கண்ணு."

கடைசிச் சொல் பழக்க தோஷம். சென்னியப்பன் இரண்டு கையையும் ஒன்றாகச் சேர்த்து அம்மாளின் கைக்குள் வைத்து, குனிந்து, வழுக்கிக்கொண்டு வெளியே வந்தார். கரையில் இருந்த இருநூறு செல்போனும் அந்த நொடியைத்தான் பிடித்தன. பின்னால் கந்தவேலும் அதே வழியாக வந்தார். அவரை யாரும் படம் பிடிக்கவில்லை.

அன்று சாயந்தரமே தெற்குத் தெருப் பெண்கள் மனுவைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ருக்குமணியம்மாள் முந்நூற்று நாற்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

கதை அதோடு முடியவில்லை. ஊர்க் கார்கள் எல்லாம் அன்றன்றைக்குக் கற்றதைப் பொதுவில் போட்டுப் பகிர்ந்துகொள்ளும். சென்னியப்பனுக்குக் கீழே எல்லாரும் என்பதுதான் அந்தக் கணக்கின் அடித்தளம். அந்தச் சென்னியப்பன் தரையில் கிடந்தார். தரைக்குக் கீழே இறங்க ஒருவருக்கும் வழி இல்லை. கணக்கு சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் இயந்திரம் கையை விரித்துவிட்டு, கற்ற அத்தனையையும் அழித்துக்கொண்டது. விடிந்தபோது சுனைப்பாளையத்தின் எல்லாக் கார்களும் அதனதன் உயரத்தில் பேசாமல் நின்றன.

ஒரு வாரம் ஊர் திண்டாடியது. யார் ஒதுங்குவது என்று வண்டி சொல்லவில்லை. எதிரெதிரே நின்று கண்ணாடியை இறக்கி, முகத்தைப் பார்த்து, நீங்க போங்க, இல்லீங்க நீங்க போங்க என்று பேச வேண்டியிருந்தது. பால் வண்டிக்காரரின் பெயர் முத்துக்கருப்பன் என்பது மில் முதலாளிக்கு அந்த வாரம்தான் தெரிந்தது.

சென்னியப்பன் பட்டறைக்கு நடந்தே வந்தார். துறை அதிகாரி ஏற்கெனவே விசாரணைக்கு வந்து, நோட்டில் இருந்த நீல எழுத்தைப் படித்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார். ஆகையால் சென்னியப்பனிடம் மிச்சமிருந்தது கோபம் ஒன்றுதான்.

"ஊரையே மட்டமாக்கிட்டயே அம்மிணி!"

"ஆமாங்க," என்றாள் இந்திராணி. "ரசமட்டம் வெச்சே பாத்துட்டனுங்க. குமிழி நடுவுல நிக்குது."

அடுத்த வருடம் மட்டச் சான்றுக்காக ருக்குமணியம்மாளின் கார் வந்தது. அதே கார்தான். வேறு வண்டி எடுக்கச் சொன்னவர்களை அவர் திட்டி அனுப்பியிருந்தார். தெற்குத் தெருவுக்குக் குழாய் தோண்டி முடியும் கட்டம், மாட்டு ஆஸ்பத்திரிக்குப் புதுக் கூரை. இந்திராணிக்கு அவர்மேல் பெருமைதான்.

குழிக்குள் இறங்கி டார்ச் அடித்தாள். முன்பக்கத்துப் பலூன்களில் ஒரு வெடிப்பு இல்லை. ஆனால் நான்கு பலூனும் மேல்மடிப்பில் கொஞ்சம் இழுபட்டிருந்தன. அடிக்கடி நிமிர்ந்த வண்டிக்குத்தான் அப்படி ஆகும். மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, ஆராச்சும் உங்களுக்கு ஒதுங்கறாங்களா?"

"நான் ஒண்ணும் சொல்றதில்ல இந்திராணி," என்றார் ருக்குமணியம்மாள் அவசரமாக. "அவங்களா ஒதுங்கறாங்க. வேண்டாம்னாலும் கேக்கறதில்ல."

"வண்டி பாத்துட்டிருக்குமுங்க."

"பாத்துட்டுப் போவுது."

இந்திராணி மேலே வந்து, ரசமட்டத்தைத் தரையில் வைத்தாள். வண்டியைப் பாதி உயரத்தில் நிறுத்தினாள். "சொல்லுங்க்கா."

ருக்குமணியம்மாள் பானெட்டில் கை வைத்தார். வாயைத் திறந்தார். மூடினார்.

"ஏன் இந்திராணி," என்றார். "ஒரு ரெண்டு விரக்கடை மேல வெச்சுக்கலாமா? தெற்குத் தெருவுல குழாய்க்குத் தோண்டுன பள்ளம் கெடக்குது. அடி இடிக்குது. வேற ஒண்ணுக்கும் இல்ல."

இந்திராணி மேஜைப் பக்கம் திரும்பினாள். பட்டறை நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து, பேனாவை நடுவில் வைத்து நீட்டினாள். ருக்குமணியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். மேலே நீல மையில், பெரிய பெரிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதன் கீழே, இன்னொருவர் எழுதத் தாராளமாக இடம் இருந்தது.

நெடுநேரம் படித்தார். அது ஐந்தாறு சொல்தான் என்றாலும் நெடுநேரம் படித்தார். பிறகு பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், காரிடம் திரும்பி முணுமுணுத்தார்.

"இதுதான் மட்டம்."

"சரியாகக் கேட்கவில்லை," என்றது கார். "இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லவும்."